சிங்கப்பூரில் முதல் நாள்: அப்பாயியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம்

டிக்கோயாக்காரன்

சிங்கப்பூர் போறதைப் பத்தி இங்க அடிக்கடி கேக்குறாங்க. பதில் எல்லாம் சென்டோசாத் தீவுல ஆரம்பிச்சு சென்டோசாவுலயே முடியுது. வயசானவங்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு இலங்கையில நம்ம மலைப்பக்கத்துல இருந்து போற குடும்பத்துக்கு முதல் நாள் எப்படி இருக்கும்னு யாரும் எழுதல. அதனால இது.

நான், மனைவி, ஆண்டு 7 படிக்கிற மகள், இப்பதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கின மகன், எங்கம்மா. பிள்ளைகளுக்கு அவங்க அப்பாயி. டிக்கோயாவுல கொழுந்து பறிச்சு ஓய்வெடுத்தவங்க. என் தம்பி சிங்கப்பூர்ல துவாஸ் பக்கம் வேலை செய்றான், அவனுக்கு சாயங்காலம்தான் லீவு கிடைக்கும். பகல் முழுக்க நாங்களே சுத்தணும்.

நான் அடிச்சுச் சொல்ற விஷயம் ஒண்ணுதான். முதல் நாள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம் எதுவும் வேண்டாம். அன்னிக்கு நாள் குடும்பத்துல மூத்த ஆளோட காலுக்கும் சின்னப் பிள்ளையோட வயித்துக்கும் சொந்தம்.

காரணம் இருக்கு. ஹட்டன்ல சாயங்காலம் வேன் ஏறி, கித்துல்கலை, அவிசாவளை வளைவெல்லாம் இறங்கி, கட்டுநாயக்காவுல காத்திருந்து, ராத்திரி விமானம் ஏறினா யாரும் சரியா தூங்குறதில்ல. அங்க கடிகாரம் நம்மளை விட இரண்டரை மணித்தியாலம் முன்னால ஓடுது. காலை எட்டு மணிங்கும்போது நம்ம உடம்புக்கு இன்னும் விடியக்கால ஐந்தரை. ஹோட்டல் அறையும் மத்தியானத்துக்குப் பிறகுதான் கிடைக்கும், பையை மட்டும் வாங்கி வச்சுக்குவாங்க. இதுக்கு மேல சூடு. 1,200 மீட்டருக்கு மேல பிறந்து வளர்ந்த உடம்பு நம்மளுது. அங்க பகல்ல 31, 32 பாகை, காத்துல ஈரம் வேற. விமான நிலையக் கதவைத் தாண்டி வெளியே வந்ததுமே அம்மா முந்தானையால முகத்தைத் தொடச்சுக்கிட்டு, "அடுப்பங்கரைக்குள்ள வந்த மாதிரி இருக்கேப்பா"ன்னாங்க.

டாக்ஸி வேண்டாம்னு ரயில்லயே போனோம். விமான நிலையத்துல ஏறி எக்ஸ்போவுல நீலக் கோட்டுக்கு மாறினா நேரா லிட்டில் இந்தியா. பெட்டிக்குள்ள குளிர் நல்லா பிடிக்குது. வேண்டாம்னு சொல்லியும் அம்மா கொண்டுவந்த ஸ்வெட்டர் அங்கதான் உதவிச்சு. எச்சரிக்கைப் பலகைகள்ல ஆங்கிலம், சீனம், மலாயோட தமிழும் இருக்கு. அம்மா ஒவ்வொண்ணா எழுத்துக்கூட்டி வாசிச்சுக்கிட்டே வந்தாங்க. சாப்பிடக் கூடாது, புகைக்கக் கூடாதுன்னு மகனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவங்கதான். வெளிநாட்டுல அவங்க யாரையும் எதிர்பார்க்காம தானே தெரிஞ்சுக்கிட்ட முதல் விஷயம் அது.

பையைப் போட்டுட்டு தேக்கா சென்டர். கீழ்த்தளத்துலயே ஒரு பக்கம் மீன், இறைச்சி, மரக்கறிச் சந்தை, இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைங்க. ஒரு கடையில பராட்டா போடுறதை மகன் நின்னு பார்த்தான், நகரவே மாட்டேங்குறான். மாவு உருண்டையை எண்ணெய்க் கையால தட்டி, ஓரத்தைப் பிடிச்சு ஒரு சுழட்டு, மேசைத் துணி அளவுக்கு விரியுது, அப்புறம் நாலா மடிச்சு கல்லுல. அடுக்கி வச்சுத் தட்டுறதில்ல, நம்ம கடைப் பராட்டாவை விட மெல்லிசு. கூடவே பருப்புக் குழம்பு. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, அம்மா சைவம். மீன் குழம்பு ஊத்துற கரண்டியைப் பருப்புல போட்டுடாதீங்கன்னு கடைக்காரர்கிட்ட முதல்லயே சொல்லிட்டோம். அவர் சிரிச்சுக்கிட்டே, "தெரியும் அம்மா, வெள்ளிக்கிழமை"ன்னு தனிப் பானையில இருந்து ஊத்தினார்.

அப்புறம் சிராங்கூன் ரோட்டுல நடந்து வீரமாகாளியம்மன் கோயில். 1881ல எழுந்த கோயில். மத்தியானம் நடை சாத்துறதுக்கு முன்னாடி போயிடணும். பூக்கடை, மளிகைக்கடை, தமிழ் முரசு பேப்பர் தொங்குற கடைன்னு அம்மா வேடிக்கை பார்த்து முடிக்கல. வெயில் ஏறினதும் கேம்பல் லேன்ல இந்திய மரபுடைமை நிலையத்துக்குள்ள புகுந்துட்டோம். உள்ள குளிர்ச்சி, உட்கார இடமும் உண்டு. திங்கட்கிழமை பூட்டியிருக்கும், பார்த்துக்கங்க. பிறகு அறைக்குப் போய் எல்லாரும் தூக்கம். சாயங்காலக் கதையை அடுத்து எழுதுறேன்.

---

பண்டாரவளைப் பையன்

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். நாலு மணித்தியாலம் பறந்து போறது பராட்டாவும் பருப்பும் சாப்பிடவா? அது நம்ம டவுன்லயே கிடைக்குமே. சிக்கன் ரைஸ், லக்சா, சாத்தே எல்லாம் எப்ப சாப்பிடுறது? கோயிலும் நம்ம ஊர்ல இருக்கு. போற காசுக்குப் புதுசா ஏதாவது பார்க்கணும்.

---

பசறை அக்கா

தம்பி, நீ தனியாப் போனா அப்படிப் போ. மாமியாரோட போய்ப் பாரு, தெரியும். வயசானவங்களுக்கு முதல் சாப்பாடு வயித்துல ஒட்டலைன்னா அன்னிக்கு முழுக்கத் தலைவலி, மறுநாள் "நான் அறையிலயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னுடுவாங்க. பாஸ்போர்ட்டுக்கு ஓடி அலைஞ்சு கூட்டிட்டுப் போறது அதுக்கா? தெரிஞ்ச சாப்பாட்டுல தொடங்கி, வயிறு நிம்மதியானதும் தெரியாததுக்குப் போகலாம்.

---

டிக்கோயாக்காரன்

பையா, பொறு. சாயங்காலம் நீ சொன்ன இடத்துக்குத்தான் போனோம்.

தம்பி வந்ததும் ஊதாக் கோட்டு ரயில்ல லிட்டில் இந்தியாவுல இருந்து சைனாடவுன். இறங்கி நடந்தா சவுத் பிரிட்ஜ் ரோட்டுல மாரியம்மன் கோயில், அதைத் தாண்டினா மேக்ஸ்வெல் உணவு நிலையம். மகளும் மனைவியும் சிக்கன் ரைஸ் சாப்பிட்டாங்க. கோழியை வேகவச்சு ஆறவச்சு வெட்டி, சோத்து மேல அடுக்கி, இஞ்சியும் மிளகாயும் அரைச்ச தொக்கு பக்கத்துல. பார்க்க வெறும் வெள்ளையா இருக்கும், வாயில வச்சாத்தான் தெரியும். அந்தச் சோறே கோழிச் சாறுலதான் வேகுது. அதனால சைவக்காரங்களுக்கு "கோழி வேண்டாம், சோறு மட்டும் குடுங்க"ன்னு வாங்கிடாதீங்க. லக்சாவும் அப்படித்தான். மேல ஒண்ணும் தெரியாட்டியும் குழம்புல காஞ்ச இறால் அரைச்சிருக்கும். சீனக் கடைகள்ல கீரை வதக்கினாலும் சிப்பிச் சாறு ஊத்துவாங்க. அம்மாவுக்கு சைவ பீஹூன் வாங்கினோம், நம்ம சேமியா மாதிரி அரிசி நூடுல்ஸ். பாதி சாப்பிட்டாங்க, மீதியைப் பேரன் முடிச்சான். கரும்புச் சாறு எல்லாருக்கும் பிடிச்சது.

விலையைப் பத்தியும் மறைக்காம சொல்லணும். ஒரு தட்டு ஐந்தாறு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஒரு வெள்ளி நம்ம காசுல 200 ரூபாய்க்கு மேல. 2024ல தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்னு நிர்ணயிச்சாங்க. ஒரு தட்டுச் சோறு கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வருது. அம்மா விலை கேட்டு மனசுக்குள்ள கணக்குப் போடுறது முகத்துல தெரிஞ்சது. அப்புறம் தம்பிதான், "நான் இங்க சம்பாதிக்கிறதே நீங்க ஒருநாள் உட்கார்ந்து சாப்பிடணும்னுதாம்மா"ன்னான். அதுக்குப் பிறகு அவங்க விலை கேக்கல.

அங்கேயே மேக்ஸ்வெல் ஸ்டேஷன்ல பழுப்புக் கோடு ஏறினா கார்டன்ஸ் பை த பே பூங்கா வரைக்கும் மாறாமப் போகலாம். சூப்பர்ட்ரீங்கிற ராட்சத மரங்கள்ல ராத்திரி 7.45க்கும் 8.45க்கும் பாட்டோட விளக்குக் காட்சி, காசில்லை. அங்க ஏழு மணிக்குத்தான் இருட்டுது. வெறுந்தரையில துண்டை விரிச்சு மல்லாந்து படுத்துப் பார்த்தோம். எங்க பக்கத்துல ஒரு சீனக் குடும்பமும் ஒரு மலாய்க் குடும்பமும் அப்படியேதான் படுத்திருந்தாங்க, அவங்க வீட்டுப் பாட்டிகளோட.

---

கம்பளை வாத்தியார்

அம்மா பலகையை வாசித்துக்கொண்டே வந்தார் என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சிங்கப்பூரில் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று. நாணயத்திலும் நோட்டிலும் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கிறது. நம் நாட்டில் 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள், 1987இல்தான் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் தமிழ்ப் பலகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளோடு போகிறவர்கள் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலைச் சும்மா கடந்து போகவேண்டாம் என்பது என் வேண்டுகோள். அந்தக் கோயில் தொடங்கியது 1827இல். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதும் அதே பத்தாண்டில்தான், 2023இல் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தோமே. ஒரே சோழ, பாண்டிய நாட்டுக் கிராமங்களிலிருந்து ஒரு கூட்டம் மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காடு வழியே நடந்தது, இன்னொரு கூட்டம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கிழக்கே போனது. வழியில் எத்தனையோ பேர் செத்தார்கள். கரை சேர்ந்தவர்கள் இங்கேயும் அங்கேயும் முதலில் எழுப்பியது அம்மன் கோயில். பண்டாரவளைத் தம்பி, "கோயில் நம்ம ஊரிலும் இருக்கிறது" என்கிறீர்கள். அதற்காகத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

---

மஸ்கெலியா மருமகள்

வணக்கம். நாங்களும் அடுத்த பள்ளி விடுமுறைக்குப் போகப் போறோம். மாமியாரும் ஒன்றரை வயசுப் பிள்ளையும் கூட வர்றாங்க. தள்ளுவண்டி கொண்டுபோகலாமா? தண்ணிக்கு என்ன செய்யறது? மாமி காலையில எழும்பினதும் பிளேன்டீ குடிக்காம ஒண்ணும் பேச மாட்டாங்க. இன்னொண்ணு, கிளவுட் ஃபாரஸ்ட்னு ஒண்ணு இருக்காமே, போகலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார்.

---

ஜூரோங்கில் ஒரு பொகவந்தலாவைக்காரன்

அக்கா, தள்ளுவண்டியைத் தாராளமாக் கொண்டுவாங்க. ரயில் நிலையம் எல்லாத்துலயும் லிஃப்ட் இருக்கு. மடிக்கத் தேவையில்ல, பஸ்ஸுலயும் அப்படியே ஏத்தலாம். 0.9 மீட்டர் உயரத்துக்குக் குறைஞ்ச பிள்ளைக்குக் கட்டணம் இல்ல. பெரியவங்க ஆளுக்கொரு அட்டை வச்சிருக்கணும், ஒரே அட்டையை ரெண்டு பேருக்குத் தட்ட முடியாது. மாமிக்குத் தனியா ஒரு பயண அட்டை வாங்கிக் கழுத்துல மாட்டி விட்டுடுங்க.

குழாய்த் தண்ணியை அப்படியே குடிக்கலாம். போத்தல் கொண்டுவந்து நிரப்பிக்கங்க. ரயிலுக்குள்ள மட்டும் தண்ணியோ சாப்பாடோ வேண்டாம், 500 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம்.

பிளேன்டீக்கு "தே ஓ"ன்னு கேளுங்க, சீனி போட்டுத் தருவாங்க. சீனி வேண்டாம்னா "தே ஓ கோசோங்". வெறும் "தே"ன்னா டின்பால் ஊத்தினது வரும். மாமி இனிப்பு சாப்பிடக் கூடாதவங்கன்னா இதைக் கண்டிப்பா ஞாபகம் வச்சுக்கங்க. நல்ல கடும் சாயம், நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும்.

மேசையில ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாக் கிடந்தா அந்த இடம் யாரோ பிடிச்சு வச்சதுன்னு அர்த்தம், உட்காராதீங்க. சாப்பிட்டு முடிச்சதும் தட்டை நாமதான் எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில வைக்கணும். 2021ல இருந்து கட்டாயம். ஹலால் தட்டுக்குத் தனி அலமாரி, பார்த்து வைங்க. இந்த உணவு நிலையப் பழக்கத்தை 2020ல யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியல்ல சேர்த்தாங்க. முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடுறதை இங்க தினம் பார்க்கிறேன். எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்சது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் தள்ளுவண்டியோட சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வர்றது சிரமம். தமிழ்நாட்டு, வங்காளதேசத்துத் தொழிலாளர் எல்லாருக்கும் அன்னிக்குத்தான் லீவு. காசு அனுப்ப, சாமான் வாங்க, ஊர்க்காரங்களைப் பார்க்கன்னு தெருவே நிறைஞ்சிடும்.

---

பண்டாரவளைப் பையன்

கிளவுட் ஃபாரஸ்ட்டைப் பத்தி நான் சொல்றேன். கண்ணாடிக் கூடத்துக்குள்ள செயற்கை மலை கட்டி, 35 மீட்டர் நீர்வீழ்ச்சி விட்டு, பனிமூட்டம் போட்டு, குளிர வச்சிருக்காங்க. பன்னம் (பெரணிச் செடி), பாசி, ஓர்க்கிட். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்துல நமக்கு அது சும்மாக் கிடைக்குது. அதுக்கு ஏன் காசு? விமான நிலையத்துக்குப் பக்கத்துல ஜூவல்ங்கிற கடைத்தொகுதியில 40 மீட்டர் நீர்வீழ்ச்சி, அது இலவசம். நம்ம மலையில செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி 80 மீட்டர்னு மனசுல வச்சுக்கிட்டே அதையும் பார்த்துட்டு வாங்க.

---

பசறை அக்கா

இதுல நான் நேர்மாறு. நம்ம பிள்ளைகளை அங்க கண்டிப்பாக் கூட்டிப் போகணும். ஒரு துண்டு மலைக்காட்டைக் கண்ணாடிக்குள்ள வளர்க்க அந்த நாடு எவ்வளவு செலவழிக்குது, எத்தனை தோட்டக்காரர் நின்னு பார்த்துக்கிறாங்கன்னு தெரியட்டும். அதே பன்னமும் பாசியும் நம்ம ஓடைக்கரையில கிடக்கு, மேல பிளாஸ்டிக் பையும் கிடக்கு. என் பிள்ளை அதைப் பார்த்துட்டு வந்து ஓர்க்கிட் வேரைப் பிடுங்கி விளையாடுறதை நிறுத்திட்டான். முதல் நாள் மட்டும் வேண்டாம். இரண்டாம் நாள் மத்தியான வெயில் நேரத்துல போங்க, மாமிக்கு நம்ம ஊர் குளிரு கிடைச்ச மாதிரி இருக்கும்.

---

டிக்கோயாக்காரன்

அக்கா சொன்னதுதான் சரி. நாங்களும் இரண்டாம் நாள்தான் போனோம். அம்மா அங்க இருந்து கிளம்பவே மனசில்லாம இருந்தாங்க. பன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இது நம்ம பீலிக்கரையில இருக்கிறது"ன்னு மகளுக்குக் காட்டினாங்க. சிங்கப்பூர்ப் பிள்ளைங்க அதை போட்டோ எடுக்கிறதைப் பார்த்ததும் மகளும் அப்பாயியோட கேள்வி கேக்க ஆரம்பிச்சா.

மஸ்கெலியாத் தங்கச்சிக்கு இன்னொண்ணு. மாமிக்கு பாஸ்போர்ட் ஆச்சா? பெரியவங்களுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துல பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில வேற மாதிரி இருக்கும். தோட்டத்துல பேர் எழுதின விதம் அப்படி. அதைத் திருத்தத்தான் நாளாகும், அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி அதை முடிங்க. 1948 சட்டத்துல பிரஜாவுரிமை போன குடும்பம் எங்களுது, அம்மாவுக்கு 2003 சட்டத்துக்குப் பிறகுதான் அது சரியாச்சு. எழுபது வயசுக்கு மேல முதல் பாஸ்போர்ட். சாங்கி விமான நிலையத்துல அந்தப் பக்கம் தாண்டினதும் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கிட்டாங்க. அப்படிப்பட்டவங்களை முதல் நாளே வெயில்ல வரிசையில நிக்க வைக்க எனக்கு மனசு வரல. இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் அதுதான்.

---

மஸ்கெலியா மருமகள்

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. மாமிக்கு பாஸ்போர்ட் ஆயிடுச்சு. பேர்ல ஓரெழுத்து மாறியிருந்ததை மாமனார் அலைஞ்சு திருத்தினார். முதல் நாள் தேக்கா, கோயில், தூக்கம், சாயங்காலம் மேக்ஸ்வெல், விளக்குக் காட்சின்னு எழுதி வச்சுட்டேன். மாமி ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறாங்க, அதைக் கொண்டுபோகலாமா? விசா வேணுமா?

---

ஜூரோங்கில் ஒரு பொகவந்தலாவைக்காரன்

மாத்திரையை மருந்துக்கடைப் பையோட, டாக்டர் துண்டோட கைப்பையிலயே வச்சுக்கங்க. பெட்டியில போட்டுட்டு விமானம் தாமதமானா அந்தரப்படணும். இங்கே நேரம் முன்னால ஓடுறதால எந்த மணிக்கு எடுக்கணும்னு டாக்டர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்கங்க.

இலங்கை பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலாவா வர விசா தேவையில்ல. வருகை அட்டையை மட்டும் இணையத்துல நிரப்பணும். வந்து இறங்குற நாளையும் சேர்த்து மூணு நாளைக்குள்ள நிரப்பினாப் போதும், அதுக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்ல. காசு கேக்குற தளம் எதுவா இருந்தாலும் மூடிட்டு, குடிநுழைவு ஆணையத்தோட சொந்தத் தளத்துக்குப் போங்க. மாமிக்கும் கைப்பிள்ளைக்கும் தனித்தனியா நிரப்பணும்.